இரண்டு டிக்கெட், ஒரே பயணம்: பிரிட்டிஷ் ரயிலில் எது செல்லும், எது செல்லாது

பிரிட்டனில் வாழும் நம்மவர்களிடம் ரயில் டிக்கெட்டைப் பிரித்து வாங்குவதைப் பற்றி, அதாவது முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் வாங்காமல் பாதையின் பகுதிகளுக்குத் தனித்தனியாக மலிவில் வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால், இரண்டில் ஒரு பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அது ஏதோ சட்டத்தை ஏய்க்கும் வேலை, பரிசோதகர் கண்டுபிடித்தால் வம்பு என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலரோ, பணம் கட்டி வாங்கிய டிக்கெட்டுகள் பயணத் தொலைவு முழுவதற்கும் இருந்தால் போதும், எந்த ரயிலிலும் ஏறலாம் என்று நம்புகிறார்கள். முதல் தரப்பினர் தங்களுக்கு உரிமையான சலுகையை இழக்கிறார்கள். இரண்டாம் தரப்பினர் தண்டக் கட்டணத்தின் விளிம்பில் பயணம் செய்கிறார்கள். இதைப் பற்றி விரிவாகவும் கவனமாகவும் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். குறிப்பாக, லண்டனின் கட்டண மண்டலங்கள் (நகர மையத்தில் 1இல் தொடங்கி வெளிநோக்கி எண்ணிடப்பட்ட கட்டண வளையங்கள்) இதில் வந்து சேரும் இடத்தைத் தமிழில் யாரேனும் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அடிப்படை விதியிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டனின் ரயில் நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவான தேசிய ரயில் பயண நிபந்தனைகள் என்றோர் ஆவணம் 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாம் ஒரு டிக்கெட்டை வாங்கும்போது ரயில் நிறுவனத்துடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அதுதான். அதன் 14ஆவது நிபந்தனை, ஒரே பயணத்துக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டோ டிக்கெட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதற்கு முன்பிருந்த பழைய நிபந்தனைகளிலும் 19ஆம் எண்ணின் கீழ் இதே உரிமை இருந்தது. ஆகவே டிக்கெட்டைப் பிரித்து வாங்குபவர் எந்த ஓட்டையையும் பயன்படுத்தவில்லை. ரயில் நிறுவனங்களே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒன்றைத்தான் செய்கிறார்.

அந்த உரிமையோடு ஒரு கட்டுப்பாடும் வருகிறது. ஒரு டிக்கெட் முடிந்து அடுத்த டிக்கெட் தொடங்கும் நிலையத்தில், நாம் பயணம் செய்யும் ரயில் நின்று செல்ல வேண்டும். நாம் இறங்கி ஏற வேண்டியதில்லை. இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கலாம், உறங்கிக்கொண்டும் இருக்கலாம். ஆனால் கால அட்டவணைப்படி அந்த ரயிலுக்கு அங்கே நிறுத்தம் இருந்தாக வேண்டும். சிக்னலுக்காக நடைமேடை அருகே இரண்டு நிமிடம் நின்றது என்று வாதிடுவது செல்லாது. லண்டன் யூஸ்டனிலிருந்து பர்மிங்ஹாம் செல்ல, யூஸ்டன் முதல் ரக்பி வரை ஒரு டிக்கெட்டும் ரக்பி முதல் பர்மிங்ஹாம் வரை மற்றொரு டிக்கெட்டும் வைத்திருப்பவர், ரக்பியில் நிற்கும் ரயிலில் தாராளமாகப் போகலாம். ரக்பியை வேகமாகக் கடந்து போகும் ரயிலில் அதே இரு டிக்கெட்டுகளோடு ஏறினால், அவரிடம் அந்த ரயிலுக்கான செல்லுபடியான டிக்கெட் இல்லை என்றே கருதப்படும். லண்டன்–பிரிஸ்டல் தடத்தில் பிரித்து வாங்குவோர் அடிக்கடி தேர்ந்தெடுக்கும் டிட்காட் பார்க்வே நிலையத்திலும் இதே எச்சரிக்கை தேவை, ஏனெனில் பிரிஸ்டல் செல்லும் ரயில்களில் பல அங்கே நிற்பதில்லை.

பிரித்து வாங்கினால் ஏன் மலிவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ரயில் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில் அமைவதில்லை. இரு நிலையங்களுக்கு இடையிலான ஒவ்வொரு பயணத்துக்கும் ஏதோ ஒரு நிறுவனம் விலை நிர்ணயிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறது. சில விலைகள் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, மற்றவை இல்லை. நெரிசல் நேரக் கட்டணம் நீண்ட பயணத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே உண்மையில் தேவைப்படும்போதும், முழு டிக்கெட்டாக வாங்குபவர் அதைப் பயணம் முழுவதற்கும் செலுத்த வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட்டுகள் லண்டன் முதல் இறுதி நிலையம் வரை தீர்ந்துபோயிருக்கும். நடுவில் உள்ள சிறு பகுதிகளுக்கு இன்னும் கிடைக்கும். இப்படி வெவ்வேறு கைகள் வெவ்வேறு காலங்களில் போட்ட விலைகளின் கூட்டல் முழு விலைக்குச் சமமாக இருக்க எந்தக் காரணமும் இல்லை.

இனி நான் அதிகம் எழுத விரும்பும் பகுதிக்கு வருகிறேன்: கட்டண மண்டலங்கள். லண்டன் சுரங்க ரயிலில் மண்டல முறை 1981இல், பெருநகர லண்டன் மன்றம் கட்டணங்களைக் குறைத்தபோது தொடங்கியது. அந்தக் கட்டணக் குறைப்பை அதே ஆண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் மண்டலம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. 1983 மே மாதத்தில் டிராவல்கார்டு வந்தது. 1985இல், அன்றைய அரசு நிறுவனமான பிரிட்டிஷ் ரயிலின் பாதைகளையும் உள்ளடக்கிய கேப்பிட்டல்கார்டு வந்து, 1989இல் இரண்டும் ஒன்றாயின. 5ஆம் மண்டலத்திலிருந்து 6ஆம் மண்டலம் 1991இல் பிரிக்கப்பட்டது. இந்த வரலாறு இன்றைய டிக்கெட் விதிக்கு நேரடியாகப் பொருந்துகிறது: டிராவல்கார்டு ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்குச் செல்லும் சீட்டாக என்றுமே இருந்ததில்லை. அது ஒரு பரப்புக்குள் எங்கும் செல்ல அனுமதிக்கும் சீட்டு. அதனால்தான் 14ஆவது நிபந்தனை அதைத் தனியாக நடத்துகிறது.

ரயில் நின்று செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு அங்கே ஒரு விலக்கு உண்டு. சேர்க்கப்படும் டிக்கெட்டுகளில் ஒன்று சீசன் டிக்கெட்டாகவோ, மண்டல டிக்கெட்டாகவோ, குறிப்பிட்ட பரப்புக்குள் செல்லும் ரோவர், ரேஞ்சர் வகை டிக்கெட்டாகவோ, உள்ளாட்சி அமைப்பு வழங்கிய சலுகை அட்டையாகவோ இருந்தால், ஒன்று முடியும் நிலையமும் அடுத்தது தொடங்கும் நிலையமும் ஒன்றாக இருக்கும்வரை, ரயில் அங்கே நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ரக்பியில் நிற்காத ரயிலில் செல்லாத ஏற்பாடு, மண்டல எல்லையில் நிற்காத ரயிலில் செல்லும் என்பதுதான் இதன் பொருள். இந்த வேறுபாட்டை அறியாமல் வேகமான ரயிலை விட்டுவிட்டு, எல்லை நிலையத்தில் நிற்கும் மெதுவான ரயிலுக்காகக் காத்திருப்பவர்களை நான் அறிவேன். அவர்கள் அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1 முதல் 6 வரையிலான மண்டலங்களுக்கு டிராவல்கார்டு வைத்திருக்கும் ஒருவர் பேடிங்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு செல்ல வேண்டும். அந்தத் தடத்தில் 6ஆம் மண்டலத்தின் கடைசி நிலையம் வெஸ்ட் டிரேட்டன். ஆக்ஸ்ஃபோர்டு செல்லும் வேகமான ரயில்கள் அங்கே நிற்பதில்லை. ஆனாலும் அவர் மண்டல எல்லையிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரைக்குமான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அந்த வேகமான ரயிலிலேயே போகலாம். இதற்கென்றே ‘பவுண்டரி ஸோன் 6’ என்ற பெயரில் டிக்கெட் விற்கப்படுகிறது. அது எந்த நிலையத்தின் பெயரையும் தாங்கியிருக்காது. மண்டலத்தின் விளிம்பிலிருந்து தொடங்கும். 6ஆம் மண்டலத்துக்கு மட்டுமன்றி மற்ற மண்டலங்களின் விளிம்புகளுக்கும் இத்தகைய டிக்கெட்டுகள் உண்டு என்பதால், கையிலுள்ள டிராவல்கார்டு எதுவரை செல்லும் என்பதைப் பார்த்து அதற்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும். பல இணையதளங்களும் இயந்திரங்களும் இதைக் காட்டுவதில்லை. டிக்கெட் அலுவலகத்தில் டிராவல்கார்டைக் காட்டிக் கேட்டால் தருவார்கள். கேட்காவிட்டால் பேடிங்டனிலிருந்தே முழுக் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். ஏற்கெனவே பணம் செலுத்திய தொலைவுக்கு மறுபடியும் பணம் செலுத்துவது எவ்வளவு பரவலாக நடக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

லண்டனில் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது பயன்படும். ஃப்ரீடம் பாஸ் என்பது லண்டன் பரோ மன்றங்கள் செலவை ஏற்று வழங்கும் சலுகை அட்டை. மேலே சொன்ன விலக்கு அதற்கும் பொருந்தும். வாட்டர்லூவிலிருந்து கில்ஃபோர்டு செல்லும் ஒரு பெரியவர், வார நாட்களில் காலை 9.30 மணிக்குப் பிறகு, பவுண்டரி ஸோன் 6 முதல் கில்ஃபோர்டு வரை மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். ரயில் 6ஆம் மண்டல விளிம்பில் உள்ள சர்பிட்டனில் நிற்காமல் போனாலும் கவலையில்லை. ஆனால் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் போன்ற சில சேவைகளில் அந்த அட்டையே செல்லாது என்பதால், எந்த நிறுவனத்தின் ரயில் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் மிக எளிதாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். மண்டலம் எங்கே முடிகிறது என்பதை உறுதியாக அறியாமல், கேள்விப்பட்ட பெரிய நிலையம் ஒன்றிலிருந்து அடுத்த டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். யூஸ்டனிலிருந்து கோவென்ட்ரி செல்பவர் 1–6 டிராவல்கார்டோடு வாட்ஃபோர்டு ஜங்ஷனிலிருந்து கோவென்ட்ரி வரை டிக்கெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தடத்தில் 6ஆம் மண்டலம் ஹாட்ச் எண்டில் முடிந்துவிடுகிறது. அடுத்த நிலையமான கார்பெண்டர்ஸ் பார்க் 7ஆம் மண்டலம். புஷீ 8ஆம் மண்டலம். வாட்ஃபோர்டு ஜங்ஷனோ, லண்டனில் வாயிலில் தொட்டுப் பயணம் செய்யும் ஆய்ஸ்டர் அட்டையை ஏற்கும் நிலையமாக இருந்தும் 1 முதல் 9 வரையிலான எந்த மண்டலத்திலும் சேராமல், தனிக் கட்டணத்தோடு நிற்கிறது. ஆக, ஹாட்ச் எண்டுக்கும் வாட்ஃபோர்டு ஜங்ஷனுக்கும் இடைப்பட்ட தொலைவுக்கு அவரிடம் எந்த டிக்கெட்டும் இல்லை. அந்த ரயில் வாட்ஃபோர்டில் நின்றாலும் இந்த இடைவெளி அடைபடாது. மேற்குத் தடத்தில் ஸ்லௌவும் அப்படித்தான்: வெஸ்ட் டிரேட்டனுக்கும் ஸ்லௌவுக்கும் இடையே துண்டு விழுந்துவிடும். ரயில் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்து மண்டல டிக்கெட்டுக்கு விலக்கு உண்டே தவிர, டிக்கெட்டுகள் ஒன்றையொன்று தொட வேண்டும் என்பதிலிருந்து எந்த டிக்கெட்டுக்கும் விலக்கு இல்லை.

ஆய்ஸ்டர் அட்டையில் பணம் போட்டோ வங்கி அட்டையைத் தொட்டோ பயணம் செய்பவர்களுக்கு நிலைமை முற்றிலும் வேறு. ஒரு நாளில் எவ்வளவு பயணம் செய்தாலும் இந்தத் தொகைக்கு மேல் கழிக்கமாட்டோம் என்ற நாள் வரம்பு அதில் இருப்பதால், அந்த வரம்பை எட்டிவிட்டால் கையில் டிராவல்கார்டு இருப்பதாகவே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பணத்தின் அளவில் அது உண்மைக்கு நெருக்கமாக இருக்கலாம். டிக்கெட் விதியில் அப்படி அல்ல. தொட்டுச் செல்லும் முறையில் பயணம் என்பது, ஒரு நிலையத்தில் அட்டையைத் தொட்டு உள்ளே நுழைவதில் தொடங்கி, மற்றொரு நிலையத்தில் தொட்டு வெளியேறுவதில் முடிகிறது. பேடிங்டனில் அட்டையைத் தொட்டு உள்ளே போய், வெஸ்ட் டிரேட்டனில் நிற்காத ரயிலில் ஏறி, அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை வாங்கிய காகித டிக்கெட்டோடு போய்ச் சேர்ந்தால், அட்டையின் பயணம் முடிவடையாமல் தொங்கிக்கொண்டிருக்கும்; அதற்கு அதிகபட்சக் கட்டணம் கழிக்கப்படும். அதோடு, ரயிலில் பரிசோதனை நடந்தால் முதல் பகுதிக்கு ஏற்கத்தக்க சீட்டு இல்லாமலும் இருப்பீர்கள். தொட்டுச் செல்லும் முறையைக் காகித டிக்கெட்டோடு இணைக்க விரும்பினால், இணையும் நிலையத்தில் இறங்கித் தொட்டு வெளியேறி, மறுபடி உள்ளே வந்து வேறு ரயில் பிடிப்பதுதான் பாதுகாப்பான வழி. நாள் டிராவல்கார்டுகளை விலக்கிக்கொள்ளப் போவதாக 2023இல் அறிவிப்பு வந்து, பின்னர் அதே ஆண்டில் கைவிடப்பட்டபோது, அந்தச் சீட்டைக் காப்பது வெறும் பழமைப் பற்று சார்ந்த விஷயம் என்று எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. லண்டனுக்கு வெளியிலிருந்து வருபவருக்கும் வெளியே போகிறவருக்கும் மற்ற டிக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை அந்தச் சீட்டுக்குத்தான் இருக்கிறது.

லண்டனைக் கடந்து செல்லும் பயணங்களில் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். பிரைட்டனிலிருந்து லீட்ஸுக்கு ஒரே டிக்கெட்டாக வாங்கினால், அதில் ஒரு சிறு சிலுவைக் குறி அச்சிடப்பட்டிருக்கும். லண்டனின் ஒரு முனையத்திலிருந்து மற்றொரு முனையத்துக்குச் சுரங்க ரயிலில் செல்லும் கட்டணம் அந்த விலைக்குள் அடங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அதே பயணத்தை லண்டனில் பிரித்து இரண்டாக வாங்கினால் அந்தச் சலுகை போய்விடும். ‘லண்டன் டெர்மினல்ஸ்’ என்று அச்சிட்ட டிக்கெட் சுரங்க ரயில் வாயிலைத் திறக்காது. சேமித்ததாகக் கணக்கிட்ட தொகையிலிருந்து சுரங்க ரயில் கட்டணத்தைக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ரயில்கார்டு என்ற கட்டணத் தள்ளுபடி அட்டை வைத்திருப்பவர்களும் கூட்டிப் பார்த்துவிட்டே பிரிக்க வேண்டும். 16 முதல் 25 வயதினருக்கான ரயில்கார்டு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தருகிறது; ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 4.30 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் தவிர, 12 பவுண்டு என்ற குறைந்தபட்சக் கட்டணம் அதற்கு உண்டு. அட்வான்ஸ் டிக்கெட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கற்பனையாக ஒரு கணக்கு: 30 பவுண்டு டிக்கெட் ஒன்று இந்த அட்டையால் 20 பவுண்டுக்குக் குறையும். அதையே 9 பவுண்டு வீதம் மூன்றாகப் பிரித்து 27க்கு வாங்க முடிந்தால் மலிவு என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் குறைந்தபட்சத்துக்குக் கீழே இருப்பதால் எதற்கும் தள்ளுபடி கிடைக்காது, 27 பவுண்டும் கையைவிட்டுப் போகும். தென்கிழக்குப் பகுதிக்கான நெட்வொர்க் ரயில்கார்டிலும் வார நாட்களில் 13 பவுண்டு குறைந்தபட்சம் இருக்கிறது. பிரிப்பது எப்போதும் மலிவு என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

பிரித்த டிக்கெட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகவும் செல்லுபடியாக வேண்டும் என்பதை மறக்கலாகாது. ஒரு டிக்கெட்டில் குறிப்பிட்ட நிறுவனத்தின் ரயிலில் மட்டும் என்று இருந்தால் அந்தப் பகுதிக்கு அந்த ரயில்தான். நெரிசலற்ற நேரத்துக்கான ஆஃப்-பீக் டிக்கெட் என்றால், அது தொடங்கும் நிலையத்திலிருந்து ரயில் புறப்படும் நேரத்தை அதன் கட்டுப்பாட்டோடு ஒப்பிட வேண்டும். உண்மையில் பிரித்து வாங்குவதால் வரும் லாபத்தின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது: புறப்படும்போது நெரிசல் நேரமாக இருந்தாலும், நடு நிலையத்தை அடையும்போது அது முடிந்திருக்கும். அட்வான்ஸ் டிக்கெட் என்றால் குறிப்பிட்ட அந்த ஒரு ரயில் மட்டுமே. இருக்கை எண் பகுதிக்குப் பகுதி மாறவும் கூடும், அப்போது பெட்டியை மாற்றி உட்கார வேண்டியிருக்கும்.

தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தில் 2023 ஜனவரி முதல் தண்டக் கட்டணம் 100 பவுண்டும் அதோடு பயணத்தின் ஒருவழிக் கட்டணமும், 21 நாட்களுக்குள் செலுத்தினால் 100 என்பது 50 ஆகக் குறையும். சில நேரங்களில் 1889ஆம் ஆண்டு ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வரையும் போகலாம். விதியை ஏமாற்ற நினைத்தவரையும் தெரியாமல் தவறியவரையும் ஒரே தட்டில் வைத்து நடத்தும் போக்கு நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. ரயில், சாலை ஒழுங்குமுறை அலுவலகம் 2025இல் வெளியிட்ட ஆய்வும், டிக்கெட் முறையின் சிக்கலால் அறியாமல் தவறுபவர்கள் அளவுக்கு மீறித் தண்டிக்கப்படுகிறார்கள் என்ற கவலையை எழுப்பியது. டிக்கெட் அலுவலகப் பணியாளர், பிரித்து வாங்கினால் மலிவு என்பதைத் தாமாக முன்வந்து சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் பயணி விதியைத் தவறாகப் புரிந்துகொண்டால் மட்டும் முழுப் பொறுப்பும் பயணியுடையது. இந்தச் சமமின்மை நீங்கும்வரை, விதியை நாமே படித்து வைத்திருப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. பிரித்துத் தரும் இணையதளங்கள் ரயில் நிற்கும் இடங்களைப் பார்த்துத்தான் தருகின்றன. சில தளங்கள் சேமிப்பில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்கின்றன. ஆனால் நம்மிடம் டிராவல்கார்டோ ஃப்ரீடம் பாஸோ இருப்பதைப் பெரும்பாலான தளங்கள் கேட்பதே இல்லை.

கடைசியாக, தாமதம். பிரித்து வாங்கினால் ரயில் தாமதமாகும்போது உரிமை போய்விடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது; அதற்கு ஆதாரம் இல்லை. 14ஆவது நிபந்தனைக்கு உட்பட்டுச் சேர்த்த டிக்கெட்டுகள் ஒரே பயணத்துக்கானவை. முதல் ரயில் தாமதமாகி, அதனால் அட்வான்ஸ் டிக்கெட்டில் குறித்த அடுத்த ரயில் தவறிப்போனால், அதே நிறுவனத்தின் அடுத்த ரயிலில் செல்லலாம். ஆனால் ரயில் மாறுவதற்கு அந்த நிலையத்துக்கென்று வகுத்த குறைந்தபட்ச இடைவெளியை விட்டுத்தான் நாம் திட்டமிட்டிருக்க வேண்டும். அது பொதுவாக 5 நிமிடம். பெரிய நிலையங்களில் கூடுதல். இழப்பீடு கோரும்போதும், எந்தப் பகுதியில் தாமதம் நேர்ந்தது என்று பார்த்து அந்த ஒரு டிக்கெட்டுக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம். தாமதத்துக்குக் காரணமான நிறுவனத்திடம், எல்லா டிக்கெட்டுகளின் படங்களையும் ஒரே விண்ணப்பத்தில் இணைத்து, மொத்த விலையையும் இறுதி நிலையத்தை அடைந்த நேரத்தையும் குறிப்பிட்டு அனுப்புங்கள். ஒரே ஒரு டிக்கெட்டுக்குக் கணக்கிட்டுப் பதில் வந்தால், 14ஆவது நிபந்தனையைச் சுட்டிக்காட்டி மறுபரிசீலனை கேளுங்கள்.